கொழும்புப் பட்டையும் கம்பத்துப் பட்டையும்

பிரியாணி மாஸ்டர் சேக் பரீத்துக்குக் கம்பத்தில் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவருடைய மூக்குதான். அண்டாவில் உப்பு கூடவா குறைவா என்பதைக்கூட அது சொல்லிவிடும் என்று ஊரில் அளப்பார்கள். அவரும் ஒருநாள்கூட மறுத்ததில்லை.

2007இல் நோன்புக்கு ஒரு மாதம் முன்பு வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வெளியே தெரிந்தால் கல்யாண ஆர்டர் ஒன்றும் வராது. மனைவி மெஹராஜிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி.

இதற்கு நடுவில் மெஹராஜ் வேறு புதுப் பழக்கம் பிடித்திருந்தாள். தால்சாவும் ஜர்தா இனிப்பும் அவள் பொறுப்பு. பிரியாணிப் பக்கமே வரமாட்டாள். இப்போதோ அவர் மூடியைத் திறந்தால் போதும், பக்கத்தில் வந்து நின்று, "இஞ்சி தூக்கலா இருக்கு, எலுமிச்ச பிழிங்க" என்பாள். அவருக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் பிழிவார்.

தை மாதம் உத்தமபாளையத்தில் திராட்சை வியாபாரி ஆரிப் வீட்டுக் கல்யாணம். ஆரிப் இரண்டு பொட்டலங்களை நீட்டினார்.

"மாஸ்டர், ஒண்ணு கம்பத்துல வாங்கின பட்டை. இன்னொண்ணு மச்சான் கொழும்புலருந்து கொண்டாந்தாக. எது பிரியாணிக்குன்னு மோந்து பாத்துச் சொல்லுங்க."

சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். சேக் பரீத் இரண்டையும் மூக்கருகே கொண்டுபோனார். இரண்டும் வெறும் விறகுச் சிராய்தான்.

விரல்கள் கைகொடுத்தன. ஒன்று ஒற்றை மரப்பட்டையாகத் தடித்து, நகத்துக்கு அசையவில்லை. மற்றது காகிதம் போல மெலிந்து, சுருளுக்குள் சுருளாக இருந்தது, கிள்ளியதும் உதிர்ந்தது. இரண்டிலும் ஒவ்வொரு துணுக்கை நாக்கில் வைத்தார். தடித்தது சுள்ளென்று கடித்தது. மெலிந்ததில் இனிப்புதான் தெரிந்தது.

"தடிப்பட்டைதான் பிரியாணிக்கு. கறியோட நின்னு கொதி தாங்கும். கொழும்புச் சுருள் சாதுவானது, கறியில போட்டா அமுங்கிப் போகும், உதிர்ந்து பல்லுல மாட்டும். அத ஜர்தாவுல போடுவோம், இனிப்புக்கு அதுதான் தோது."

"மாஸ்டர் மூக்குன்னா மூக்குத்தான்" என்றார் ஆரிப்.

தப்பித்தோம் என்றிருந்தது. கூடவே அந்தப் பாராட்டு முள்ளாகக் குத்தியது.

தம் முடிந்து, மூடி மேலிருந்த நெருப்புக் கங்குகளைத் தள்ளித் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. முகம் நனைந்ததுதான் மிச்சம். வழக்கம்போல மெஹராஜ் வந்து நின்றாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"பட்டை அளவா நிக்கிது. கறி வாடை இல்ல. எறக்கலாம்."

இன்று அவருக்கு எரிச்சல் வரவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நோன்புக் கஞ்சி அடிப்பிடிச்சு தெருவே நாறுச்சு. நீங்க அடுப்பு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீக."

"கேக்கவே இல்லையே நீ."

"நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு அண்டா பாக்கி இருந்தது. அடுத்ததன் மூடியில் கை வைத்தார்; திறக்கவில்லை. மெஹராஜ் ஜர்தா அடுப்புக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

"மெஹராஜ், இங்கன வா" என்று முதல் தடவையாக அவரே கூப்பிட்டார்.