கழுவாமல் விட்ட ஜெல்

செயற்கைப் பல் செய்யும் லேபில் பத்து வருடமாகக் குப்பை கொட்டுபவளுக்கு அருவருப்பு என்பதே மரத்துப் போயிருந்தது. ஊரார் வாயில் வைத்துக் கடித்த அச்சுகளை எச்சிலோடு வாங்கிக் கழுவுவதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவள் அந்தக் கண் ஆஸ்பத்திரியில், மடியில் பிளாஸ்டிக் வாளியோடு உட்கார்ந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெறுத்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் காலையில்தான் வலது கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். மைனஸ் பதினான்கு பவர். தடித்த கண்ணாடியால் பள்ளிக்கூடத்திலிருந்தே 'சோடாபுட்டி' என்ற பெயர். அது ஒழியட்டும் என்றுதான் வந்தாள். சாயங்காலமே கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி. விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பிறகு வாந்தி. ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண், "வாந்தின்னா வயித்துக் கோளாறா இருக்கும்மா, வயித்து டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். கணவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

"கடையில வாங்கித் தின்னியே, அதான்" என்று சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தான்.

விடிந்தபோது வலது கண்ணில் மங்கலாக வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கண்ணே போய்விடுமோ என்று கதிகலங்கி ஓடி வந்திருக்கிறாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர்தான் கண் பிரஷரை அளந்து பார்த்தார்.

"ஐம்பத்தி நாலு. இருபதுக்குள்ள இருக்கணும்" என்றார். "லென்ஸ் வைக்கறதுக்காக உள்ள ஒரு ஜெல் போடுவோம். அது கொஞ்சம் தங்கியிருக்கு. கண்ணுத் தண்ணி வெளியேற வழியில்லாம பிரஷர் ஏறிடுச்சு."

"அதைக் கழுவி எடுக்க மாட்டீங்களா?"

"எடுப்போம். நேத்து ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க வந்திருந்தாங்க. கொஞ்சம் அவசரமாப் போச்சு."

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தபோது, "சார், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று ஒரு குரல் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் கண்ணைத் திறந்து போட்டுவிட்டு மனுஷன் கேமராவுக்கு முகம் காட்டியிருக்கிறார். அச்சில் பொட்டு அழுக்குத் தங்கினாலும் அவள் முதலாளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். இவரைக் கேட்க ஆளில்லை.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, வெட்டின இடத்தின் ஓரத்தை ஊசி முனையால் அழுத்தினார். வெதுவெதுப்பாக என்னவோ கன்னத்தில் வழிந்தது. வலி மளமளவென்று இறங்கியது. அந்த நிம்மதிக்கு இந்த ஆளிடமே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"பார்வை திரும்புமா?"

"பெரும்பாலும் வந்துடும். நரம்பு எவ்வளவு தாங்குச்சுன்னு போகப்போகத்தான் தெரியும்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த வீடியோ அருமையா வந்திருக்கும்மா. 'கண்ணாடிக்கு டாட்டா'ன்னு நீங்க ஒரு வரி சொல்லிட்டா முடிஞ்சிடும். இடது கண்ணு முடிச்சதும் எடுத்துக்கலாம்."

அவள் வாளியை இழுத்து மறுபடியும் வாந்தி எடுத்தாள். டாக்டர் பதறிப்போய் பிரஷர் பார்க்கும் மெஷினை அவள் பக்கம் தள்ளினார்.

"அது வேணாம் டாக்டர்" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். "இது கண்ணால வரல. உங்களைப் பாத்துத்தான் வந்துச்சு."