பத்தாவது படி

ஜோவினுக்கு முதன்முதலில் நெஞ்சை அடைத்தது கம்பெனி பஸ்ஸில். மாதனூர் தாண்டியதும் மூச்சு வரவில்லை, கை மரத்தது. செத்துப்போகப் போகிறோம் என்று தெரிந்ததும், பக்கத்து சீட்டில் இருந்த நிசார் அஹமதுவிடம் தன் சாப்பாட்டு டப்பாவை ஒப்படைத்தான். நிசார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எறங்கும்போது தர்றேன், தூங்கு" என்றான். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினான்.

மூன்று இடங்களில் ஈசிஜி எடுத்தார்கள். மூன்றிலும் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. நான்காவதாகப் பார்த்த டாக்டர்தான், "இது ஹார்ட் இல்ல தம்பி, பதற்ற நோய்" என்று மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். வேலூரில் அந்தப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாரும் கண்ணில் படக்கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எதிர் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் ஹெல்மெட்டோடு இருந்தார்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், என்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். அத்தோடு ஆலோசகர் மோகனா மேடத்திடமும் அனுப்பினார். மேடம் அவனுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். பயம் வரும்போது கண்ணில் படுவது ஐந்து, கையில் படுவது நான்கு, காதில் விழுவது மூன்று, மூக்குக்கு இரண்டு, நாக்குக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். மூக்கில்தான் சிக்கல். வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பசை சொல்யூஷன் வாடை, வெளியே வந்தால் தோல் பதனிடும் டேனரி வாடை. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர்க் காற்றை முகர்ந்து பழகிய மூக்குக்கு எதுவுமே தெரியவில்லை.

"மேடம், எனக்கு ரெண்டு வாசனை கம்மியா வருது."

"அப்போ ஒரு எலுமிச்சம்பழம் பாக்கெட்ல வச்சுக்கோங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

வைத்துக்கொண்டான். இடது ஷூவும் வலது ஷூவும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று நாள் முழுக்கப் பார்க்கும் குவாலிட்டி செக்கரின் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் இருப்பதைக் கண்டு, யாரோ இவனுக்குச் செய்வினை வைத்துவிட்டதாக ஃபினிஷிங் செக்‌ஷனில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்து மேடம் ஒரு தாளில் ஏணி வரையச் சொன்னார். பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியதாகப் பத்துப் படிகளில் எழுதி, ஒவ்வொன்றாக ஏற வேண்டும். டீக்கடையில் சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்வது முதல் படி. ஏழாவது, லிஃப்ட். ஒன்பதாவது, மாத்திரை சாப்பிடுவதை நிசாரிடம் சொல்வது. அதைச் சொன்னபோது நிசார், "இவ்ளோதானா தோஸ்த்? நீ கடன் கேக்கப்போறன்னு நெனச்சேன்" என்றான்.

பத்தாவது படியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அக்சா.

அக்சா வேலூரில் நர்ஸ். அவர்கள் சபைக் கோயிலின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். ஜோவினோடு நிச்சயம் முடிந்து, கல்யாணம் அடுத்த மாதம் பதினெட்டு. கோயிலில் மூன்று ஞாயிறு விவாக அறிவிப்பு வாசிப்பார்கள். தடை சொல்ல நினைப்பவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. அன்றே ஜோவின் தாளில் எழுதினான்: இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி, பஸ் ஸ்டாண்டு எதிர் பேக்கரி. சொல்ல வேண்டியதை ஆறு வாக்கியங்களாக்கி, கண்ணாடி முன் நின்று ஒப்பித்தான்.

அவன் அம்மா பொன்மலர் டீச்சருக்கு விஷயம் தெரிந்தது ஏணியில் சேராது. துணி துவைக்கும்போது சட்டைப்பையில் மாத்திரை அட்டை கிடைத்தது.

"ஆண்டவர் மேல விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குடா?"

"உனக்கு பிரஷர் மாத்திரை எதுக்கும்மா?"

"அது பிரஷர்."

அத்தோடு விவாதம் முடிந்தது. ஆனால் அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு போதகர் இருதயராஜ் விவாக அறிவிப்பை இரண்டாம் தடவையாக வாசித்தார். பாடகர் குழுவில் அக்சா குனிந்துகொண்டாள். பக்கத்துப் பெண் அவளை இடித்தாள். ஜோவினுக்குச் சந்தோஷத்தில் படபடத்தது. இதற்கு எலுமிச்சம்பழம் வேண்டியதில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

அடுத்து ஜெப விண்ணப்பங்கள். பெட்டியில் போட்ட சீட்டுகளை அங்கேயே திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொல்லும். முழங்கால் வலி, ஆமென். பேரனுக்கு விசா, ஆமென். மூன்றாவது சீட்டைப் பிரித்தார்.

"ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கராக வேலை பார்க்கும், வருகிற பதினெட்டாம் தேதி விவாகம் நடக்கவிருக்கிற என் ஒரே மகன், பயத்துக்காக எட்டு மாதமாகச் சாப்பிடும் மாத்திரை கல்யாணத்துக்குள் நின்றுபோகவும், பெண் வீட்டாருக்கு இது தெரியாமல் கர்த்தர் காக்கவும் ஜெபியுங்கள். இப்படிக்கு, ஒரு தாய்."

பொன்மலர் டீச்சர் கவனமாகப் பெயரைத் தவிர்த்திருந்தார். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்று மற்றதெல்லாம் எழுதியிருந்தார். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. கையெழுத்து மணிமணியாக இருக்கும். போதகர் எங்கேயும் தடுமாறவில்லை. கடைசி வரி வாய்க்கு வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

சபை ஆமென் சொன்னது. பழக்கம். அதன் பிறகுதான் தலைகள் திரும்பின.

அக்சாவின் அப்பா கிருபானந்தம் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். ஜோவின் ஐந்து பொருளைத் தேடினான். ஐந்தும் முகங்களாக இருந்தன.

நான்கு மணிக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தாலும் பேக்கரிக்குப் போனான். அவள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு டீ.

"என்னமோ சொல்லணும்னு வரச்சொன்னீங்களே. சொல்லுங்க."

"அதான் காலைலயே..."

"அது பாஸ்டர் சொன்னது. நீங்க சொல்லுங்க."

ஆறு வாக்கியங்களையும் சொன்னான். நான்காவதில் குரல் நடுங்கியது. நிறுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, மறுபடி ஆரம்பித்தான். கடைசிவரை சொல்லிவிட்டான்.

"நல்லாத்தான் சொல்றீங்க" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "வார்டுல தினம் முப்பது பேருக்கு என் கையால இந்த மாத்திரையக் குடுக்கறேன். மாத்திரை பெரிய விஷயம்னா நான் வேலையையே விட்டுடணும்."

"அப்போ..."

"நிசாருக்குத் தெரியும் இல்ல?"

"அவன் ஒன்பதாவது படி. நீ பத்தாவது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அக்சா டீயை ஒதுக்கித் தள்ளினாள், கொஞ்சம் சிந்தியது.

"இருக்கறதுலயே உங்களுக்கு ஜாஸ்தி பயம் என்கிட்டதானா?"

"இன்னிக்கி சொல்றதுக்குத்தான்..."

"தெரியும். ஆனா, பெண் வீட்டாருக்குத் தெரியாம காக்கணும்னு வாசிச்சாரே, அதுக்கு நானும் ஆமென் சொன்னேன் ஜோவின். பொண்ணு நான்தான்னு தெரியறதுக்குள்ள சொல்லிட்டேன். அப்புறம் மொத்த சபையும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அப்பாகிட்ட உங்களுக்காகச் சண்டை போடணும்னு மத்தியானம் பூரா உக்காந்து யோசிச்சேன். இன்னான்னு சொல்லிப் போடறது? என்கிட்ட மறைக்கலன்னா? மறைச்சீங்க."

நிச்சய மோதிரத்தைக் கழற்றி, டீ சிந்தாத பக்கமாகப் பார்த்து வைத்தாள். எழுந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"மாத்திரைய நிறுத்திடாதீங்க. இந்த மாதிரி நேரத்துலதான் நிறைய பேர் நிறுத்திடுவாங்க."

வீட்டில் அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். "பேர் போடலியேடா" என்றார். "பேரே போடலியே." கத்துவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் அவனிடம் இருந்தன. அம்மாவின் கையில் அவனுடைய மாத்திரை அட்டையும், ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. காலையில் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் அவன் போட மறந்ததை அவர்தான் கண்டுபிடித்திருந்தார். வாங்கிப் போட்டுக்கொண்டான். ஏணித் தாளை எடுத்து, பத்தாவது படிக்கு நேராக ஒரு டிக் அடித்தான். ஏறியது ஏறியதுதானே.

மூன்றாம் ஞாயிறு அம்மா கோயிலுக்கு வரமாட்டேன் என்றார். பயந்து ஒதுங்கினால் பயம் வளரும் என்று மேடம் சொன்னதை அவரிடம் சொல்லி, பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். பாடகர் குழுவில் அக்சாவின் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

போதகர் விவாக அறிவிப்பு நோட்டைத் திறந்தார். வேறொரு ஜோடியின் பெயரை முதல் தடவையாக வாசித்தார். அடுத்த வரியில் கண் நின்றது. பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஜோவின் எண்ணினான். மின்விசிறி, சிலுவை, பாட்டு எண் பலகை, கைக்குட்டை, முன்வரிசைப் பெரியவரின் வழுக்கை. கைக்கு பெஞ்சு, வேதப்புத்தகம், எலுமிச்சம்பழம், மோதிரம். காதையும் மூக்கையும் தாண்டிவிட்டான். நாக்குக்கு, தண்ணீர் போதாமல் விழுங்கிய மாத்திரையின் கசப்பு.

போதகர் ஜெபப் பெட்டியைத் திறந்தார். ஒரு சீட்டுகூட இல்லை. கவிழ்த்து உதறியும் பார்த்தார். "இந்த வாரம் விண்ணப்பம் ஏதும் இல்லை" என்றார்.

கோயில் அமைதியாக இருந்தது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், பழக்க தோஷத்தில், ஆமென் என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜோவின் மட்டும் பார்த்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.