ஆணி அடிக்காத அறை

மொட்டை மாடிக்குப் போக அந்த வீட்டில் ஒரே வழிதான். அது சின்ன மருமகளின் படுக்கையறை. துணி காயப்போடப் போகிறவர்கள், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கப் போகிறவர்கள், போனில் சிக்னல் கிடைக்காமல் அலைகிறவர்கள், எல்லோரும் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். அதனால் அறைக்கு இரண்டு கதவு இருந்தும் ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. இருந்ததையும் மாமியார் எப்போதோ கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே ஓரகத்தி ஈரத்துணி வாளியோடு உள்ளே வந்து, "நீ தூங்கும்மா, நான் பாட்டுக்குப் போறேன்" என்றாள். போகிற வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது.

கெட்டவர்களாக இருந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பாள். இவர்களோ தங்கமான மனிதர்கள். வேலையிலிருந்து களைத்து வந்தால் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பார்கள். தலைவலி என்று படுத்தால் வீடே மேலே ஏறி வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தைலம் தேய்க்கும். தலைவலிக்காரிக்குத் தனியாகப் படுத்திருக்க வேண்டும் என்று தோன்றும் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து விடுவதுதான் அவன் பிழைப்பு. வீட்டு விஷயம் எதைச் சொன்னாலும் "பாக்கலாம்" என்பான். அவளும் மனசுக்குள் அவனுக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தாள். தனிக்குடித்தனம் பற்றி அவள் பேசாத நாளில்லை, "பாக்கலாம்" என்று அவன் சொல்லாத நாளும் இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய் ஒரு வீட்டைப் பார்த்தே விட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரின் மாடிப் போர்ஷன். சின்ன வீடுதான். ஆனால் தெருவைப் பார்த்து, கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற உயரத்துக்கு ஒரு ஜன்னல். வாசல் கதவுக்குக் கனமான இரும்புத் தாழ்ப்பாள். அவள் அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

"இப்ப இருக்கறவங்க காலி பண்ணினதும் உங்களுக்குத்தான்" என்றார் டீச்சரம்மா.

அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தாள். அவளுக்கு வேலை திரைச்சீலைக் கடையில். டேப் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள்.

அன்றிலிருந்து மாடியறையில் வேலை ஆரம்பமானது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் தொங்கி ஓரம் வெளுத்த திரையைத் தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. அவள் வெளுத்த ஓரத்தை வெட்டிவிட்டு, பழைய சாம்பிள் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துக் கரை கட்டினாள். பழக்கடை மரப்பெட்டிகளை உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கினாள், அலமாரி ஆயிற்று. அடி பிய்ந்த கூடையைக் கவிழ்த்து பல்பை உள்ளே தொங்கவிட்டால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல். சுவரில் ஈரம் கசிந்த இடத்துக்கு, துணி இழுத்துக் கட்டிய ஒரு மரச்சட்டத்தைச் சாய்த்து வைத்தாள். செலவு என்று பார்த்தால் நூலும் உப்புத்தாளும்தான்.

ஓர் ஆணி கூட அடிக்கவில்லை. எல்லாம் கட்டு, முடிச்சு, கொக்கி. நாளைக்கே சாவி கிடைத்தால் நாளைக்கே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இந்த அறையின் ஜன்னல் குட்டை. திரையை அவள் டீச்சரம்மா வீட்டு ஜன்னலுக்கே வெட்டியிருந்தாள். மிச்ச நீளத்தை உள்பக்கமாக மடித்து, இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற மாதிரி பெரிய பெரிய தையலாக ஓட்டி வைத்திருந்தாள்.

அவள் கணக்குத் தப்பியது இங்கேதான். அறை அழகாகிவிட்டது.

முதலில் ஓரகத்தி பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி தன் தங்கையோடு மறுபடி வந்தாள். மாமியார் வருகிற போகிற உறவுக்காரர்களையெல்லாம் மூச்சு வாங்க மாடியேற்றி, "எல்லாம் எங்க சின்னவ கைவேலை. காசே இல்லாம பண்ணியிருக்கா பாருங்க" என்று கூடையைத் தட்டிக் காட்டினார். முன்பு துணி காயப்போட மட்டும் வந்தவர்கள் இப்போது சும்மாவே வந்து உட்கார்ந்தார்கள். மாமனார் பேப்பர் படிக்கவே மேலே வர ஆரம்பித்தார். அந்த விளக்கு கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம்.

 ஒருநாள் அவள் கூடை விளக்கைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மாமியார் அதைத் துடைத்து மறுபடி மாட்டியிருந்தார். "விழுந்துடுச்சு போலிருக்கும்மா. நல்லவேளை, உடையல."

பாக்கலாம் அந்த விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து படுத்து, "ஓட்டல் ரூம் மாதிரி இருக்குல்ல?" என்றான்.

"டீச்சரம்மா கிட்ட பேசினீங்களா?"

"பாக்கலாம்."

ஒரு மத்தியானம் டீச்சரம்மாவே கடைக்கு வந்தார். கூடவே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீயாம்மா! நல்லதாப் போச்சு. இவங்கதான் மாடிக்கு வர்றாங்க, அந்த ஜன்னலுக்குத் திரை வேணுமாம்."

அவள் கையிலிருந்த டேப்பை மேசையில் வைத்தாள். "எந்த... எந்த மாடிக்குங்க?"

"நீங்க பாத்தீங்களே, அதுதான். உன் வீட்டுக்காரர் வந்து வேண்டாம்னுட்டாரே, தெரியாதா? 'என் வொய்ஃப் எங்க ரூமையே மாளிகையாக்கிட்டா டீச்சர், இனிமே எதுக்கு வாடகை வீடு'ன்னு அவ்வளவு பெருமையாச் சொன்னாரும்மா."

புதுப்பெண் புருஷனைப் பார்த்து, "ஐயோ, அளவு எடுக்காமயே வந்துட்டோமே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் இவள். அகலம், உயரம் இரண்டையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அடேங்கப்பா, எப்படி ஞாபகம் வெச்சிருக்கே?"

"வேலையே இதுதானே டீச்சர்."

துணியை மேசையில் விரித்து அவளே வெட்டினாள். கத்தரி கோணாமல் போனது. 

பஸ்ஸில் வரும்போது சண்டைக்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். இன்றைக்கு விடுவதில்லை. இந்த வீடு போனால் போகட்டும், வேறு வீடு பார்க்கலாம். அவிழ்த்து எடுத்தால் ஆயிற்று, எல்லாம் தயாராகத்தானே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதே ட்ரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது.

ஓரகத்தி தவிர வீடே அறையில் கூடியிருந்தது. பாக்கலாம் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தான், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். மரப்பெட்டிகள் சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தன. துணிச்சட்டத்தின் நாலு மூலையிலும் ஆணித்தலை மினுங்கியது. கூடை விளக்கு கூரையில் கம்பி போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"எதைத் தொட்டாலும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இனிமே அசையாது" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் 'பாக்கலாம்' என்று சொல்லாமல் செய்த முதல் காரியம் அது.

"என் பங்குக்கு நானும் செஞ்சிருக்கேன்" என்று மாமியார் அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போனார். "திரையை மடிச்சு மடிச்சு வெச்சிருந்தியா, பாவம், வேலைக்குப் போற பொண்ணு, ஒழுங்காத் தைக்க நேரம் கிடைக்கலை போலன்னு அளவா வெட்டித் தெச்சுட்டேன். மிச்சத் துணியை வீணாக்கலை. பாரு."

கட்டிலின்மேல் இரண்டு தலையணைகள். புது உறை, நெருக்கமான மிஷின் தையல். டீச்சரம்மா வீட்டு ஜன்னலில் தரையை நோக்கி இறங்கியிருக்க வேண்டிய துணி அது. அவள் தையலைப் பிரிக்க முடியுமா என்று விரலால் தடவினாள். அத்தை நன்றாகவே தைத்திருந்தார்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் சேர்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இவர்கள் முகத்தில் எறிகிற மாதிரி இல்லை.

"நல்லா இருக்கு அத்தை" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.  "இவ்வளவு ஆணி அடிச்சீங்களே. மெஷின் கையிலதானே இருக்கு. அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்களேன்."



"தாழ்ப்பாளா?" மாமியார் உண்மையிலேயே குழம்பிப்போனார். "அப்புறம் துணி காயப்போட எப்படிம்மா போறது?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கி, மெஷினின் ஒயரைச் சுருட்டினான்.

"பாக்கலாம்" என்றான்.

கீழே வாளி சத்தம் கேட்டது. ஓரகத்தி ஒரு கையில் துணி வாளி, ஒரு கையில் கிளிப் டப்பாவோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு கையும் நிறைந்திருப்பதைப் பார்த்து, இவளே பழக்கதோஷத்தில் போய் மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டாள்.