சார்போமா 1-24

அம்மா செத்த எட்டாம் நாள் கூட்டத்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தச்சிவா வண்டிகளின் நம்பர் பலகையை வைத்தே தெரிந்துகொண்டாள். முகங்களைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பலகைகளையும்தான் பிடிக்கவில்லை. ஆனால் அவை கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டாது.

குமாசி நகரத்துக்கு வடக்கே அட்வெரம் ஊரில், கையில் கொஞ்சம் காசு புரள ஆரம்பித்தவன் முதலில் வண்டி வாங்குவான். அடுத்து அந்த வண்டிக்குத் தன் இஷ்டப்படி ஒரு பெயரை நம்பராக எழுதி வாங்குவான். அரசாங்கம் தருகிற எண்ணை மாட்டிக்கொண்டு போவதெல்லாம் டாக்ஸிக்காரனுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும். பெரிய மனிதனின் பலகையில் ஒரு சொல் இருக்கும், அதன் பின் ஒரு எண் இருக்கும், கடைசியில் பதிவு செய்த வருஷத்தின் இரண்டு இலக்கம் இருக்கும்.

மாமரத்தடியில் நின்றது 'தேவகிருபை 5'. அண்ணன் செத்த மறுவாரமே அண்ணியின் துணிக்கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டவன் அவன். பக்கத்தில் 'டாக்டர் 9'. மருந்துக்கடை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு, வருகிறவர்கள் எல்லாம் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும்படி நின்றது 'பணிவு 1'. பணிவிலும் முதலிடம் வேண்டுமாம் அந்தப் பெரிய தொந்திக்காரனுக்கு. தச்சிவாவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துக்க வீடாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

கடைசியாக வந்தது ஒரு வெள்ளை ஜீப். இரண்டு மாடு படுக்கலாம், அத்தனை பெரியது. பெயர் இல்லை, தற்காலிக நம்பர்தான் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒபிரி இறங்கினான். தச்சிவாவுக்கு அடுத்துப் பிறந்தவன், தலைநகர் அக்ராவில் தரை ஓடு இறக்குமதி செய்கிறவன். அம்மா கை கால் விழுந்து படுத்திருந்த ஐந்து வருஷத்தில் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் கதவருகே நின்றே பேசிவிட்டுப் போனான்.

ஐந்து வருஷமும் அம்மா தச்சிவாவின் அறையில்தான் கிடந்தாள். விடியற்காலையில் சோளக் கஞ்சி காய்ச்சி, பஸ் நிலையத்தில் விற்றுவிட்டு, ஓடி வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பாள் தச்சிவா. அம்மா பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"என்னை ஐஸ்ல போட்டு வெச்சிடாதேடி. எனக்குக் குளிர் ஆகாது. சீக்கிரம் மண்ணுல வெச்சிடு."

"வெச்சிடறேம்மா. நீ தூங்கு."

செத்த அன்றே பிணவறைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. குடும்பம் கூடி நாள் குறிக்காமல் யாரையும் புதைக்க முடியாது. அதனால் இன்றைய கூட்டத்தில் பக்கத்து நாளாகக் குறிக்கவைத்துவிட வேண்டும். தச்சிவாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். அம்மாவின் கம்மலைக்கூட யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

குடும்பத் தலைவரான பாஃபோ மாமா, அம்மாவின் தம்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அடக்கத்துக்கு நாள் குறிக்கணும். என்ன சொல்றீங்க?"

"டிசம்பர் ரெண்டு, சனிக்கிழமை" என்றாள் தச்சிவா. "ஐஸ்ல கிடக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா மாமா. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

மாமா தலையாட்டினார். "ரெண்டு வாரம்னா போதும்தான்."

"ஜனவரி இருபது" என்றான் ஒபிரி.

"ஏண்டா அவ்வளவு தள்ளி?"

"வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும் மாமா. வாசல் ரோடு வேற குண்டும் குழியுமா கிடக்கு."

"வெள்ளை அடிக்க மூணு நாள்" என்றாள் தச்சிவா. "ஆள் வேண்டாம், நானே அடிச்சுக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். ஒபிரி கையை உயர்த்தினான். "விடேன் அக்கா. உனக்குத் தெரியாது."

"எனக்கு என்னடா தெரியாது? அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நான்."

ஒபிரி கீழே பார்த்தான், பிறகு வெட்கப்படுகிறவன் மாதிரிச் சிரித்தான்.

"சரி, சொல்லிடறேன். வெளியே நிக்குதே வண்டி, அதுக்கு அம்மா பேரை எழுதி வாங்கப்போறேன். சார்போமா 1. அம்மாவைக் கொண்டுபோறப்போ அந்த வண்டிதான் முன்னால போகணும்."

பெண்கள் பக்கமிருந்து "ஆஹா" என்று ஒரு சத்தம் எழுந்தது. இவனுக்கும் ஏதோ ஒரு மூலையில் ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று தச்சிவாவும் ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிற்பாடு தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

"நல்லதுடா தம்பி. நாளைக்கே போய் எழுதி வாங்கு. ரெண்டாம் தேதிக்குள்ள வந்துடும்."

விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான் ஒபிரி. "டிசம்பர் முடியறதுக்கு முன்னாடி பதிவு பண்ணினா இருபத்துமூணுன்னு வரும்கா. புது வண்டி ஒரே மாசத்துல போன வருஷத்து வண்டி ஆயிடும். ஜனவரி பொறந்து பதிவு பண்ணினா இருபத்துநாலு."

யாராவது சிரிப்பார்கள் என்று தச்சிவா காத்திருந்தாள். யாராவது எழுந்து இவன் கன்னத்தில் ஒன்று வைப்பார்கள் என்று காத்திருந்தாள். பிறகு பார்த்தால், எல்லாத் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

"நியாயம்தானே" என்றான் பணிவு 1. "வருஷக் கடைசியில எவனாவது வண்டி பதிவு பண்ணுவானா?"

"நான்கூட எட்டு வாரம் தற்காலிக நம்பர்லதான் ஓட்டினேன்" என்றான் டாக்டர் 9.

"அதுவும் சரிதான்" என்றார் பாஃபோ மாமா. "ஜனவரியே இருக்கட்டும்."

"மாமா! அம்மா குளிர்ல கிடக்கா மாமா!"

ஒபிரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அவசரமென்னக்கா? அம்மா எங்கே போயிடப் போறா?"

தச்சிவா அவன் கை பட்ட இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அம்மா செத்த துக்கம் அவளுக்கு, பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

டிசம்பர் பாதியில் இரண்டு நாள் கரண்ட் போயிற்று. கஞ்சிப் பானையை அப்படியே விட்டுவிட்டுப் பிணவறைக்கு ஓடினாள் தச்சிவா. ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை. டீசல் வந்துகொண்டிருக்கிறது என்றான் காவலாளி. கதவிடுக்கிலிருந்து வந்த வாடை அவள் தலைத்துணியில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் துவைத்தும் போகவில்லை.

"என் அம்மாவை வெளியே விடுப்பா. இன்னிக்கே புதைச்சிடறேன். கொண்டுவந்து விட்ட சீட்டு என்கிட்டதான் இருக்கு."

"சீட்டு இருந்தா போதாதும்மா. குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும்."

அங்கிருந்து பாஃபோ மாமா வீட்டுக்குப் போனாள். அவர் பல் குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளினார்.

"நாள் குறிச்சாச்சு, போஸ்டர் அடிச்சாச்சு. குடும்பம் பேசினதை உனக்காக மாத்த முடியுமா?"

"அம்மா அழுகறா மாமா."

"எல்லாரும் ஒருநாள் அழுகத்தான் போறோம்" என்றார், பெரிய ஞானம் பேசிவிட்டவர்போல.

கடைசியில் ஒபிரிக்குப் போன் போட்டாள். கரண்ட் போனது, டீசல் இல்லாதது, கதவிடுக்கு வாடை எல்லாவற்றையும் சொன்னாள். "பாத்துக்கறேன்கா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. நம்பர் பலகைக்கு மாட்டுகிற சட்டங்கள், வெள்ளி நிறத்தில் ஒன்று, தங்க நிறத்தில் ஒன்று. 'அம்மா பேருக்கு எது எடுப்பா இருக்கும் அக்கா?' என்று கீழே எழுதியிருந்தான். அடுப்பில் போடக் கையை ஓங்கிவிட்டாள். தன் போனாயிற்றே என்று கீழே வைத்தாள்.

ஜனவரி இருபதாம் தேதி வெளுக்கும் நேரத்தில் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட இறங்கினது தச்சிவாவும் அஃப்ரியே சித்தியும்தான். மற்றப் பெண்கள் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள்.

துணியை விலக்கியதும் சித்தி வாய்க்குள் ஏதோ முனகினாள். முகம் கறுத்துச் சுருங்கி, உதடு ஒரு பக்கமாக இழுத்துப் போயிருந்தது. முழங்கையைத் தொட்டால் தோல் கையோடு வந்தது. இது அம்மா இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இடது காதில் சின்ன வயசில் கிழிந்த தழும்பு அப்படியே இருந்தது. தச்சிவா அழவில்லை. வெந்நீரைக் கேட்டு வாங்கினாள். ஐஸில் கிடந்தவளுக்கு இன்றைக்காவது சூடாக ஊற்றலாம் என்று ஊற்றினாள்.

கால் கட்டைவிரலில் கம்பியால் ஒரு தகரத் துண்டைக் கட்டியிருந்தார்கள். பிணவறை நம்பர். ஆணியால் குத்திப் பொறித்திருந்தது: 318-23.

சித்தி கம்பியை அவிழ்த்தாள். "இதையும் குழியில போட்டு மூடணும்டி. குளிப்பாட்டின நம்மைத் தவிர வேற யாரும் தொடக் கூடாது, தெரியுமில்லே?"

"தெரியும் சித்தி. குடு, நான் பாத்துக்கறேன்."

அப்போது ஒபிரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கறுப்புத் துணி, புதுச் செருப்பு, வாசனைத் தண்ணீர் மணம். இரண்டடி வைத்தான். கட்டிலைப் பார்த்தான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மாமரத்தடியில் அவன் ஓங்கரிப்பது உள்ளே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"முகத்தை மூடிடுங்க. யாரும் போட்டோ எடுக்க வேண்டாம்."

வண்டியைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கறுப்பும் சிவப்புமாக நாடா கட்டி, தங்க நிறச் சட்டத்துக்குள் 'சார்போமா 1-24' பளபளவென்று இருந்தது. ஒலிபெருக்கிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். "பெத்த தாயை மறக்காத பிள்ளை! அம்மா பேரை நெத்தியில எழுதி வெச்ச பிள்ளை!" பெண்கள் குலவையிட்டார்கள். தேவகிருபை 5 கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். பின்னால் வாடகை ஆம்புலன்ஸில், மூடிய பெட்டிக்குள், அம்மா வந்தாள். தன் பெயர் எழுதிய வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.

தச்சிவாவையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அவள் இடுகாடு வரை நடந்தே போனாள். மண் போட்டாள். தகரத் துண்டு மட்டும் குழிக்குப் போகவில்லை, அவள் இடுப்புத் துணி மடிப்பில் இருந்தது.

திரும்பி வந்ததும் பந்தலில் கறிக் குழம்பும் ஃபுஃபுக் களியும் பரிமாறினார்கள். சாப்பிட்டு முடித்த கூட்டம் மறுபடியும் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. பணிவு 1 பலகையைத் தடவிப் பார்த்தான். "இருபத்துநாலு! ஊர்லயே உன்னோடதுதான் முதல்" என்றான். ஒபிரி ஒரு காலைப் பம்பர்மேல் வைத்துக்கொண்டு நின்றான்.

தச்சிவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "காலை எடு" என்றாள். அக்கா கும்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் விலகினான். அவள் குந்தி உட்கார்ந்து, மடியிலிருந்த தகரத் துண்டை எடுத்துத் தங்க நிறச் சட்டத்தில் கம்பியால் கட்டினாள். அவசரப்படவில்லை. நாலு முறுக்கு முறுக்கினாள்.

"என்னக்கா இது?"

"அம்மா நம்பர். கால் விரல்ல கட்டியிருந்தது."

தடவிக்கொண்டிருந்த பணிவு 1 துள்ளிப் பின்வாங்கினான். கூட்டம் ஒரே நிமிஷத்தில் பத்தடி தள்ளிப் போயிற்று. ஒபிரி குனிந்து கையை நீட்டினான். மூக்குக்கு அந்த வாடை எட்டியதும் கை தானாக இழுத்துக்கொண்டது.

"இஸ்ஸகா! இதை அவிழ்த்துப் போடு!"

டிரைவர் இஸ்ஸகா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "மன்னிச்சிடுங்க பாஸ். வேலையை விட்டு வேணா நிறுத்திடுங்க. பிணத்துமேல இருந்ததை நான் தொட மாட்டேன். இது இருக்கிற வரைக்கும் வண்டியிலயும் ஏற மாட்டேன்."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

பாஃபோ மாமா நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அஃப்ரியே சித்தி பந்தல் காலில் சாய்ந்துகொண்டு, எனக்கு இடுப்பு வலி என்றாள்.

ஒபிரியின் நெற்றியில் வேர்வை கொட்டியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, உன் காலைப் பிடிக்கறேன். திங்கட்கிழமை நான் அக்ராவுல இருந்தாகணும். நீ கட்டினதை நீயே அவிழ்த்துடு."

தச்சிவா எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அவிழ்க்கறேன். குடும்பம் கூடி ஒரு நாள் குறிக்கட்டும்" என்றாள். "அவசரமென்ன தம்பி? வண்டி எங்கே போயிடப் போகுது?"