மெர்வ் பளபளப்பாக்கிய தார்ப்பாய் மெஷின்

மூட்டு ஆபரேஷன் முடிந்து மெல்போர்னிலிருந்து வீடு திரும்பினால், கொட்டகையில் என் மெஷினைக் காணோம். தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும் வாயைப் பிளந்து கிடந்தன. யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் தம்பி மெர்வுக்குப் பழைய இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது.

அது நீளக் கழுத்து வைத்த, தார்ப்பாய் தைக்கிற மெஷின். நான் பிறப்பதற்கு முன்பே வார்த்தது. மூடிப்போன ஒரு கூடாரக் கம்பெனியின் ஏலத்தில் எடுத்தேன். பெயின்ட் உரிந்து, எண்ணெய்க் கறை ஏறி, பார்க்கச் சகிக்காது. ஆனால் கித்தானை எத்தனை மடிப்பு மடித்து வைத்தாலும் முனகாமல் ஊசி இறங்கும். எங்கள் விம்மெராப் பக்கம் கோதுமை அறுவடை தொடங்கினால், குவியலை மூடுகிற தார்ப்பாயெல்லாம் என்னிடம்தான் வரும். அந்த அகலத்துக்குத் தைக்க இங்கே வேறு மெஷின் கிடையாது. அறுவடையோ நெருங்கிவிட்டது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அவன் வருஷா வருஷம் போய் நிற்கிற பழைய இயந்திரக் கண்காட்சி மைதானத்துக்கு நேராகப் போனேன். டிராக்டர், நீராவி இஞ்சின் என்று துடைத்துத் துடைத்து நிறுத்தி, ஆம்பளைகள் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்கிற இடம். கயிறு கட்டிய வட்டத்துக்குள் நின்றது என் மெஷின். பச்சைப் பசேலென்று, தங்கக் கோடெல்லாம் போட்டு, பொம்மைக் கடைச் சாமான் மாதிரி. முன்னால் ஓர் அட்டை: துருப்பிடித்துக் கிடந்ததை மீட்டெடுத்தவர் மெர்வின் ஹாட்ஜ்.

துருவாம். தினமும் எண்ணெய் குடித்த மெஷினுக்கு எங்கேயிருந்து வரும் துரு?

"வந்துட்டியாக்கா? உனக்குத் தெரியாம செஞ்சு அசத்தலாம்னு இருந்தேன்" என்றான் மெர்வ்.

"பழைய பெயின்ட்டை எப்படிடா எடுத்த?"

"லாரி சேசிஸுக்கெல்லாம் காத்தழுத்தத்துல மணலப் பீய்ச்சி பெயின்ட்ட உரிப்பாங்கல்ல, அங்கதான். ஒரே அடி, சுத்தம்."

"பிரிச்சுட்டுத்தானே அடிச்ச?"

"எதுக்குப் பிரிக்கணும்? டேப் ஒட்டிட்டுத்தான் அடிச்சோம்."

கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். எண்ணெய்த் துளை ஒன்றில் கொண்டை ஊசியை விட்டுத் துழாவினேன். நறநறவென்று மணல். கைச்சக்கரத்தை இம்மியளவு திருப்பினேன். உள்ளே கரகரத்தது.

"அடப்பாவி, உள்ள பூரா மணல்டா. யாரும் இதை ஓட்டக் கூடாது. ஒவ்வொரு துண்டாக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவுனா இன்னும் பொழைச்சுக்கும். ஏத்து வண்டியில."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நடுவர் ஆத்தல் பிக்கரிங் பரிசு நாடாவோடு வந்தார்.

"என்ன மெர்வ், இது ஓடுமா, இல்ல வெறும் பெயின்ட் டப்பாவா?" என்று சீண்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

மெர்வின் முகம் சிவந்தது. "ஜம்முனு ஓடும், பாருங்க" என்று சுவிட்சில் கை வைத்தான்.

"தொடாதடா" என்று கத்தினேன். கைத்தடியால் தட்டிவிடப் பார்த்தேன், எட்டவில்லை. சுவிட்சைப் போட்டு மிதியையும் அழுத்திவிட்டான். மெஷின் வீலென்று அலறி, தண்டு இறுகி, நின்றுபோனது. பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. அந்தத் தண்டைச் செய்தவர்களும் இன்று இல்லை, விற்பவர்களும் இல்லை.

மெர்வ் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, பெயின்ட் எங்கயும் உரியல" என்றான்.

அந்த நிமிஷம் அவனைக் கொன்றிருப்பேன். ஆத்தல் தொண்டையைச் செருமிக்கொண்டு, மதிப்பெண் தோற்றத்துக்குத்தான், ஓட்டத்துக்கு இல்லை என்று விதியைச் சொல்லி, மெஷினின் கழுத்தில் நாடாவைக் கட்டினார். கை வேறு தட்டினார்கள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

கூட்டத்தில் நின்ற விவசாயி கோர்டன் மட்டும் தட்டவில்லை. "கிழிஞ்ச தார்ப்பாய் லாரியில கிடக்கு, ரெய்லீன். அறுப்பு ஆரம்பிச்சுட்டேன். மழை பிடிச்சா கோதுமை மொளைச்சுப் போயிடும். இப்ப யார்கிட்டப் போவேன்?" என்றார்.

"இவன் தைப்பான்" என்று மெர்வைக் காட்டினேன்.

"நானா? மெஷின் ஏதுக்கா?"

"கை இருக்குல்ல? அடுத்தவ மெஷின்ல வைக்கத் தெரிஞ்ச கை, ஊசியப் புடிக்காதா?"

கூட்டம் மறுபடியும் அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். கோர்டனின் தார்ப்பாயை அவன் மடியில் போட்டேன். உள்ளங்கைக்குத் தோல் காப்பும், மெழுகு நூலும், பாய்மரச் சீலை தைக்கிற தடித்த ஊசியும் கொடுத்தேன். முதல் கிழிசல் மூடுவதற்குள் விரல்கள் பொத்துப்போயின.

"அக்கா, ரத்தம் வருது. கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டான்.

கித்தானில் கறை படாமல் தைக்கச் சொன்னேன்.