உள்ளே இருக்கும் தாழ்ப்பாள்

முதல் சத்தம் ஒத்திகை நாளில் கேட்டது. ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்னால் வெறுங்குழாயை விட்டு வழி பார்ப்பார்கள். டாக்டர் அனுசியாவின் குழாய் கருப்பையின் வாயில் முட்டி நின்ற நொடியில், ஷஹீனாவின் அடிவயிற்றுக்குள் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று விழுந்தது. அவளுக்கு மட்டும் கேட்டது.

போட்டது யாரென்று அவளுக்குத் தெரியும். முன்பு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பெண்பிள்ளை. அப்போது வயிற்றைச் சுத்தம் செய்ததில் விழுந்த தழும்பு கருப்பை வாயைச் சுருக்கிவிட்டது என்றார் டாக்டர். ஷஹீனா தலையாட்டினாள். தழும்பு தாழ்ப்பாள் போடுமா?

அந்தப் பிள்ளை மனமிறங்கி வழிவிட வேண்டும் என்றுதான் இன்று நேர்ச்சை நோன்பு வைத்துக்கொண்டு பாளையம்பட்டியிலிருந்து பஸ் ஏறினாள். குவைத்தில் இருக்கும் கணவன் பாசித்துக்குக்கூடச் சொல்லவில்லை. உறையவைத்ததில் மிஞ்சியது இந்த ஒரே கரு. காலையில் உருக்கியாகிவிட்டது. இன்றைக்கே வைத்தாக வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரி மேசையில் படுத்திருக்க, பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் இடித்துக்கொண்டிருந்தன. முதலில் விட்ட வெறுங்குழாய் இன்றும் முட்டியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"தண்ணி குடிச்சிட்டுத்தான வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"குடிச்சேன் மேடம்."

வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்த நர்ஸ் ஜெயசெல்வி திரையைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கக்கா குடிச்சீக? கோடைக் கம்மா கணக்கா வத்திக் கெடக்கு."

ஷஹீனா நோன்பைச் சொல்லிவிட்டாள். தாழ்ப்பாளைச் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. கருப்பை முன்னால மடங்கிப் படுத்திருக்கு. அதுக்குக் கீழ மூத்திரப்பை. அது நெறைஞ்சா கருப்பையைத் தூக்கி நிமித்தும், வளைவு நேராகும். பாவாடைக்கு நாடா கோக்குறப்ப துணி சுருண்டிருந்தா ஊக்கு முட்டும்ல? இழுத்துப் பிடிச்சா ஓடிரும். உங்களுக்குத் தழும்பும் இருக்கு. குத்தித் தள்ளுனா ரத்தம் வரும், கருப்பை இறுக்கும். அதனால வளைவைத்தான் எடுக்கணும்."

"அதுவரைக்கும் கரு?"

"ஆய்வகத்துல பெட்டிக்குள்ள இதமா இருக்கு. காத்திருக்கும்."

"குடிங்கக்கா," என்றாள் ஜெயசெல்வி. "நோன்பை இன்னொரு நாளு புடிச்சுக்கிரலாம். எங்க தெருவுல அப்படித்தான் செய்றாக."

ஷஹீனா அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனாள். நோன்பை முறித்தால் பிள்ளை கோபிக்குமோ?

முதல் மடக்கு இறங்கியபோது, உள்ளே யாரோ கதவோரம் வந்து நின்றார்கள். இரண்டாவது மடக்கில் மெல்ல உறிஞ்சும் சத்தம். அவள் விழுங்கவிழுங்க அதுவும் குடித்தது, வெகுநாள் தாகத்தோடு. ஷஹீனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பட்டினி கிடந்து சமாதானம் சொல்லப் பார்த்தேனே, இது கேட்டது தண்ணீரல்லவா! சொம்பை நிறைத்துத் தரச் சொல்லி மறுபடி குடித்தாள்.

ஒரு மணி நேரத்தில் பை நிறைந்து, திரையில் வளைவு நிமிர்ந்தது. டாக்டர் கரு ஏற்றிய குழாயின் உறையை விரலால் லேசாக வளைத்துச் செலுத்தினார். கரண்டு போனது. தறிகள் ஒரேயடியாக அடங்கின. பேட்டரியில் திரை மட்டும் வெளிறி எரிந்தது. அந்த அமைதியில் தாழ்ப்பாள் மேலேறியது.

"உள்ள போயிருச்சு," என்றார் டாக்டர். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. கருவோடு சேர்த்து விடும் காற்றுக்குமிழி அது. எங்கே வைத்தோம் என்று அதை வைத்துத்தான் தெரியும். குழாயை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். கரு அதில் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை.

அப்போது தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது, மிக மெதுவாக.

ஜெயசெல்வி சட்டென்று திரும்பினாள். "யாரு தாப்பா போட்டது?"

அந்த அறைக்குக் கதவில்லை, திரைச்சீலை மட்டும்தான்.

ஷஹீனா இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "தொறந்துறாத தாயி," என்றாள்.