நூல் பிடித்த கற்கள்

கண்ணிவெடி அகற்றும் குழுவின் தலைவிக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அங்குலம். பொழுது முழுக்க மண்டியிட்டு உழைத்தாலும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்வாள். யாராவது அவசரப்படுத்தினால், ஆமையை அடித்து ஓட்டினால் குதிரையாகிவிடுமா என்று கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கே அன்று காலை பொறுமை போய்விட்டது.

அவள் குழு திறந்துவிட்ட பாதையின் இருபுறமும் கற்கள் வெள்ளை வெளேரென்று நின்றன.

அந்தக் கற்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றும் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளை முகம் பார்க்கும் பக்கம் சோதித்து முடித்த மண், நடக்கலாம். சிவப்பு முகம் பார்க்கும் பக்கம் போர்க்காலத்தில் புதைத்தது புதைத்தபடி கிடக்கிறது, காலை வைக்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பாதை முடிகிற இடத்தில் இருந்தது அவளுடைய சொந்த அக்காவின் வீடு.

கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் நாடு கையெழுத்திட்ட நாளை ஒட்டி, வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கும் விழா அன்று நடக்கவிருந்தது. விழா வேலைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அவள் குழுவுக்கு விடுமுறை கொடுத்திருந்தார்கள். இடைஞ்சல் யார் என்பது இப்போது தெரிந்தது.

"யாரு சார் இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

விழாவுக்குப் பொறுப்பான அதிகாரி சட்டையில் குத்திய பூவைச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருக்குல்ல? சிவப்பு கண்ணை உறுத்துதும்மா. சிறப்பு விருந்தினரா பெரியவர் வர்ற நேரத்துல ரத்தக்கலர் எதுக்கு?"

சுண்ணாம்பைக் கழுவிவிடலாம், அடியில் சிவப்பு இருக்கும். வாளியைத் தேடிக்கொண்டே பாதையை மறுபடி பார்த்தவள் வாளியை மறந்தாள். பழைய மாட்டுத் தடத்தை ஒட்டிப் பாம்பு போல நெளிந்து போன பாதை, இப்போது அளவுகோல் வைத்துக் கிழித்த கோடாக வீட்டு வாசலை நோக்கிக் கிடந்தது.

சுண்ணாம்புக்காரர் பெருமையோடு பக்கத்தில் வந்தார். "கோணல்மாணலா இருந்துச்சும்மா. நூல் பிடிச்சு நேராக்கிட்டோம். பழைய தடமெல்லாம் பெருக்கி விட்டாச்சு."

"கல்லை நகர்த்துனீங்களா?"

"நகர்த்தாம எப்படிம்மா நேராகும்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணே, நீங்க நூல் பிடிச்ச இடத்துல வெடி இருந்திருந்தா?"

"நாங்க நாலு பேரும் மேலயும் கீழயும் நடந்தோம். ஒண்ணும் ஆகலையே. அப்ப சுத்தம்தானே?"

"நீங்க மிதிக்காத இடம்னு ஒண்ணு இருக்கும்ல, அங்க என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் இப்பத் தெரியாது. போன வாரம் தெரிஞ்சிருந்துச்சு."

சுண்ணாம்புக்காரரின் முகம் அவர் வாளிக்குப் போட்டியாக வெளுத்தது. உட்கார இடம் தேடியவர், எங்கே உட்காருவது என்று சந்தேகம் வந்து நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பெருசு பண்ணாதீங்க. தடைதான் போட்டாச்சே. நாடே கையெழுத்துப் போட்டிருக்கு."

"நாம கையெழுத்துப் போட்டது மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு யார் சார் போய்ச் சொன்னது? தடை இனிமே புதைக்காம இருக்கறதுக்கு. புதைச்சதை ஒண்ணொண்ணா நாங்கதான் எடுக்கணும்."

"பெரியவர் வாசல்வரைக்கும் நடந்து போய் ரிப்பன் வெட்டணும். அவ்வளவுதான். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சரி. முதல்ல நீங்க நடங்க சார்."

அவர் பாதையைப் பார்த்தார், தன் புதுச் செருப்பைப் பார்த்தார். பிறகு கைப்பேசியில் யாரையோ அழைக்கப் போனார்.

அப்போதுதான் சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் புதுக் கதவு ஒன்று கிடந்தது, அதைப் பிடித்தபடி அக்கா. போர் தொடங்கி வீட்டை விட்டு ஓடியவள், அன்று முதல் வாடகை வீடுகளில் அடுத்தவர் கதவைச் சாத்தித் திறந்து சலித்தவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கத்தவில்லை. அதுதான் தங்கைக்குப் பயமாக இருந்தது.

"எப்ப முடியும்?"

"பாதை முழுக்கத் திரும்பப் பார்க்கணும்க்கா. மழை பிடிச்சா நிறுத்திடணும். மழைக்கு அப்புறம்னு வச்சுக்கோ."

"ஊர்ல எல்லாருக்கும் வீடு கொடுத்தே. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் மழைக்கு அப்புறம்."

"நானா அக்கா கல்லை நகர்த்துனேன்?"

"யாரோ நகர்த்துனாங்க. எப்பவும் யாரோதான். புதைச்சவனும் யாரோ, கல்லை எடுத்தவனும் யாரோ. நடுவுல நான் மட்டும் நானாவே இருக்கேன்." புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையின் வாயில்வரை நடந்தாள். "இது என் வீட்டுக்குப் போற வழி. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்."

ஒரு கால் மேலே எழுந்தது.

தங்கை ஓடிப் பிடிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "போ. ஏதாவது ஆச்சுன்னா உன்னைத் தூக்க நான்தான் உள்ள வரணும். கருவி வச்சுப் பார்த்துப் பார்த்துத்தான் வருவேன். நீ எவ்வளவு கத்துனாலும் அங்குலம் அங்குலமாத்தான் வருவேன். அது உனக்குத் தெரியும்."

எழுந்த கால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பின்னால் வந்து சாலைத் தாரில் ஊன்றியது. அக்கா வண்டியின் படியில் உட்கார்ந்து, தங்கையைத் தவிர மற்ற எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். முதல் வசவு சுண்ணாம்புக்குப் போயிற்று.

அங்குலம் முகக் கவசத்தை மாட்டினாள். பாதையின் வாயை அடைக்க வேண்டும். எச்சரிக்கை நாடா தொலைவில் குழுவின் முகாமில் இருந்தது. மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் விழா ரிப்பன் சுருண்டிருந்தது, நல்ல சிவப்பு. பாதைக்குக் குறுக்கே இரண்டு கம்பிகளில் அதை இழுத்துக் கட்டிவிட்டு, சாலை ஓரத்தில் மண்டியிட்டுக் கருவியை முதல் சாண் மண்ணின் மேல் ஓட்டினாள்.

பெரியவரின் கார் வந்தது. அவர் இறங்கி, கும்பிட்டு, கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்து மகிழ்ந்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். அதிகாரி கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

வண்டிப் படியிலிருந்து அக்கா எழுந்து வந்து ரிப்பனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"வெட்டிடாதீங்க ஐயா. அதுக்கு அந்தப் பக்கம்தான் என் வீடு."